ஏன் எண்டு கேட்டால் பதில் வேணும்: கம்பனிகளை எடைபோடும் நிபுணத்துவ முறைமைகள் பற்றி

2020 மே 22ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, தி பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை இரத்துச் செய்தது. இரண்டு மாதங்களுக்குள் ஈ.ரி.ஐ. பினான்ஸின் வியாபாரமும் இடைநிறுத்தப்பட்டது. அதற்கு முன் 2018இல் சென்ட்ரல் இன்வெஸ்ட்மன்ட்ஸ் அன்ட் பினான்ஸ், 2008இன் கடைசியில் கோல்டன் கீ, 2002இல் பிரமுக வங்கி. பெயர்கள் மாறினாலும் காசு போட்ட சனத்தின் கதை ஒன்றுதான். தி பினான்ஸ் கம்பனி மூடப்பட்டபோது வைப்புக் காப்புறுதியின்கீழ் ஒருவருக்கு அதிகபட்சம் 600,000 ரூபாய் என்றுதான் வரையறை இருந்தது. ஓய்வுபெறும்போது கிடைத்த முழுக்காசையும் ஒரே இடத்தில் போட்டவருக்கு அது எந்த மூலைக்குப் போதும்?

இப்படிக் காசை இழந்தவர்களைப் பார்த்து "கூட வட்டிக்கு ஆசைப்பட்டவை" எண்டு சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். கம்பனி எந்த நிலையில் இருக்கிறது எண்டு அவர்கள் யாரிட்டைக் கேட்டிருக்க முடியும்? ஆண்டறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். கிளையில் இருக்கிற பிள்ளைக்கு மாத இலக்கு இருக்கும்; அது வைப்பை வேண்டாம் எண்டு சொல்லப் போவதில்லை. நம்பிக்கேட்கத் தெரிந்த கணக்காளர் எல்லார் வீட்டிலும் இல்லை. கடைசியில் கட்டடத்தின் கண்ணாடியையும் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட தொகையையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

எங்கட தலைமுறை இப்போது வேறோர் இடத்தில் கேட்கத் தொடங்கியிருக்கிறது. போனில் பங்குச்சந்தைக் கணக்கு, போனிலேயே செயற்கை நுண்ணறிவு. ஆண்டறிக்கையை அப்படியே அதற்குள் போட்டு "இந்தக் கம்பனி நல்லதா, ஷெயார் வாங்கலாமா?" எண்டு கேட்டால், மூச்சுவிடும் நேரத்துக்குள் பதில் வருகிறது. நல்ல வசனங்களில், நம்பிக்கையான குரலில். ஆனால் அந்தப் பதில் எந்த விதியின்மேல் நிற்கிறது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் கொஞ்சம் பழைய தொழில்நுட்பம் ஒன்றைப் பற்றி இங்கே கதைக்க விரும்புகிறோம். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ‘நிபுணத்துவ முறைமை’ என்ற சொல் பழக்கமாயிருக்கும். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி, சோதனையோடு மறந்த சொல். அந்த முறைமைகளிடம் இருந்த ஒரு பண்பு இன்றைக்கு மிகவும் தேவைப்படுகிறது என்பது எங்கட வாதம். தீர்ப்புச் சொல்லும் இயந்திரம், அந்தத் தீர்ப்புக்கு எப்படி வந்தது எண்டு படிப்படியாகக் காட்ட வேணும். காட்டாத இயந்திரத்தைக் காசு விஷயத்தில் நம்பக் கூடாது.

விதிகளாக எழுதிய அறிவு

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மைசின் என்ற முறைமையை உருவாக்கினார்கள். இரத்தத்தில் ஏற்படும் பக்டீரியாத் தொற்றுகளுக்கு எந்த மருந்து பொருத்தம் எண்டு சொல்வது அதன் வேலை. அதற்குள் சில நூறு விதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ‘இது இப்படி, அது அப்படி என்றால், இன்னது இவ்வளவு நிச்சயத்தோடு உண்மை’ என்ற வடிவம். அனுபவமுள்ள வைத்தியர்கள் தலைக்குள் வைத்திருந்ததைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கிய விதிகள் அவை.

இப்படிப்பட்ட முறைமைக்கு இரண்டு முக்கிய பாகங்கள். ஒன்று அறிவுத்தளம்: விதிகளும் தரவுகளும் இருக்கிற இடம். மற்றது அனுமான இயந்திரம்: எந்த விதி பொருந்துகிறது எண்டு பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய், முடிவுக்கு வரும் பகுதி. இரண்டும் தனித்தனியாக இருப்பதால் விதியை மாற்ற முழு மென்பொருளையும் உடைக்கத் தேவையில்லை.

மைசினிடம் வைத்தியர் ‘ஏன் இதைக் கேட்கிறாய்?’ எண்டும் ‘எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்?’ எண்டும் கேட்கலாம். அது தான் பயன்படுத்திய விதிகளை வரிசையாகக் காட்டும். அது ஆஸ்பத்திரிகளில் வழமையான பாவனைக்கு வரவேயில்லை. இருந்தாலும், தீர்ப்புச் சொல்பவர் காரணமும் சொல்ல வேண்டும் என்ற அந்த ஏற்பாடு, பின்னர் வந்த முறைமைகளுக்கு அடிப்படையாகிப் போனது.

இது காசு உலகத்துக்கும் வந்தது. 1980களில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், பெரிய தொகைக்கு அட்டை பாவிக்கும்போது அனுமதிக்கலாமா எண்டு முடிவெடுக்கும் ஊழியர்களுக்கு உதவ இப்படியொரு முறைமையைக் கொண்டுவந்தது. ஊழியர் கதிரையில் இருந்தார். முறைமை அவருக்கு ஆலோசனையும் காரணமும் கொடுத்தது.

விகிதத்திலிருந்து விதிக்கு

கம்பனிகளை எண்களால் எடைபோடும் முயற்சி கணினிக்கு முன்பே இருந்தது. வணிகப்பிரிவில் கணக்கீடு படித்தவர்களுக்கு நடைமுறை விகிதம், விரைவு விகிதம் எல்லாம் தெரியும். 1966இல் வில்லியம் பீவர் தனித்தனி விகிதங்களை வைத்து எந்தக் கம்பனி விழும் எண்டு முன்கூட்டிச் சொல்லலாமா என ஆராய்ந்தார். 1968இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஓல்ட்மன் ஐந்து விகிதங்களை ஒன்றாக்கினார். அதுதான் ‘ஸெட் ஸ்கோர்’.

சூத்திரம் சின்னது. மொத்தச் சொத்தில் நடைமுறை மூலதனத்தின் பங்கை 1.2ஆலும், நிறுத்திவைத்த இலாபத்தின் பங்கை 1.4ஆலும், வட்டிக்கும் வரிக்கும் முந்திய இலாபத்தின் பங்கை 3.3ஆலும் பெருக்க வேண்டும். பங்குகளின் சந்தைப் பெறுமதியை மொத்தப் பொறுப்புகளால் பிரித்து 0.6ஆல் பெருக்க வேண்டும். விற்பனையை மொத்தச் சொத்தால் பிரித்தால் வருவதை ஏறத்தாழ அப்படியே சேர்க்கலாம். கூட்டுத்தொகை 2.99ஐத் தாண்டினால் பயமில்லை, 1.81க்குக் கீழே போனால் ஆபத்து. இடையில் நின்றால் சந்தேகம்.

சூத்திரம் ஓர் எண்ணைத் தரும். ஆனால் வங்கியில் கடன் கொடுக்கிற அனுபவசாலி ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார். முகாமை எப்படி, சந்தையில் இடம் எப்படி, இயந்திரங்கள் பழசா, போன கடனை ஒழுங்காகக் கட்டினார்களா என்றெல்லாம் பார்ப்பார். இந்த அறிவையும் விதிகளாக்கும் முயற்சிகளில் ஒன்று கிரேக்கத்தில் நடந்தது. கிரேட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மட்சாட்சினிஸ், டூம்போஸ், சொபூனிடிஸ் ஆகியோர் 1990களில் ‘பினேவா’ என்ற முறைமையை உருவாக்கினார்கள். அது இலாபத்தன்மை, கடனைத் தீர்க்கும் வலு, முகாமைச் செயற்பாடு ஆகியவற்றை விகிதங்களால் பார்த்தது. அவற்றோடு எண்ணில் அடங்காத பண்புகளையும் சேர்த்து, கம்பனி நல்லதா, பரவாயில்லையா, மோசமா எண்டு சொன்னது. எந்த விதிகளின் வழியாக அங்கே வந்தது எண்டும் சொன்னது.

ஒரு கற்பனைக் கம்பனி

இது எப்படி வேலை செய்யும் எண்டு பார்க்க ஒரு கற்பனைக் கம்பனியை எடுப்பம். போன வருடம் விற்பனை 500 மில்லியன் ரூபாய், இந்த வருடம் 650 மில்லியன். தேறிய இலாபம் 40இலிருந்து 52 மில்லியன். நடைமுறை விகிதம் 1.25. தலைவரின் செய்தியில் ‘சாதனை வருடம்’ எண்டு எழுதியிருக்கும். படத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அடுத்த பக்கங்களில் வேறு எண்கள் இருக்கின்றன. கடனுக்கு விற்று இன்னும் காசு வராத வருமதிகள் 80இலிருந்து 170 மில்லியன். தொழிற்பாட்டு நடவடிக்கைகளிலிருந்து வந்த காசு, போன வருடம் 30 மில்லியன் வரவு, இந்த வருடம் 25 மில்லியன் மறை. குறுங்காலக் கடன் 60இலிருந்து 140 மில்லியன்.

மூன்று விதிகளை எழுதுவம். முதலாவது: இலாபம் நேராகவும் தொழிற்பாட்டுக் காசு மறையாகவும் இருந்தால், இலாபத்தின் தரம் சந்தேகத்துக்குரியது. இரண்டாவது: வருமதிகளின் வளர்ச்சி விற்பனை வளர்ச்சியின் இரண்டு மடங்கைத் தாண்டினால், விற்பனையின் தரம் சந்தேகத்துக்குரியது. இங்கே விற்பனை 30 வீதம் கூட, வருமதிகள் 112.5 வீதம் கூடியிருக்கின்றன. மூன்றாவது: முதல் இரண்டும் பொருந்தி, குறுங்காலக் கடனும் கூடியிருந்தால், கம்பனி கடன் எடுத்துத்தான் நாளைக் கடத்துகிறது, நடைமுறை விகிதம் 1க்கு மேல் இருந்தாலும் திரவத்தன்மை பலவீனம்.

முறைமை ‘பலவீனம்’ எண்டு சொல்லும். ஏன் எண்டு கேட்டால் இந்த மூன்று விதிகளையும் காட்டும். இப்போது கம்பனியின் கணக்காளர் வந்து, "எங்கட பெரிய வாடிக்கையாளர் ஓர் அரச திணைக்களம், மார்ச் மாதம் தரவேண்டிய காசை ஏப்ரலில் தந்துவிட்டது, இதோ வங்கிக் கூற்று" எண்டு சொல்லலாம். அப்படியானால் இரண்டாவது விதியின் சந்தேகம் தீர்கிறது, மூன்றாவதும் விழுகிறது. முடிவு மாறுகிறது. இப்படி எதிர்த்து வாதாட இடமிருப்பதுதான் முக்கியம். மறுமொழி சொல்ல வேண்டிய இடம் எதுவெண்டு இரண்டு பக்கத்துக்கும் தெரிகிறது.

என்ரோன்: எண்கள் சொன்னதும் நிபுணர்கள் சொல்லாததும்

‘அனுபவமுள்ள மனிதர்கள் இருக்கும்போது விதிப் பட்டியல் எதற்கு?’ எண்டு கேட்பவர்களுக்கு என்ரோனின் கதையைச் சொல்லலாம். 2001 டிசம்பர் 2ஆம் திகதி அது வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்வரை பெரிய தரப்படுத்தல் நிறுவனங்கள் அதன் கடன் பத்திரங்களை முதலீட்டுக்கு உகந்த தரத்தில்தான் வைத்திருந்தன. வோல் ஸ்ட்ரீட்டின் ஆய்வாளர்கள் பலர் கடைசிவரை ‘வாங்குங்கள்’ எண்டு சொன்னார்கள்.

ஆனால் 1998இலேயே கோர்னெல் பல்கலைக்கழகத்தின் வணிக மாணவர் குழு ஒன்று வகுப்புப் பயிற்சிக்காக என்ரோனின் கணக்குகளை எடுத்துப் பார்த்தது. மெசோட் பெனீஷ் என்ற பேராசிரியரின் மாதிரியை அதில் போட்டார்கள். வருமதிகள் விற்பனையைவிட வேகமாகக் கூடுகிறதா, மொத்த இலாப விகிதம் சரிகிறதா, இலாபத்துக்கும் காசுக்கும் இடையில் இடைவெளி விழுகிறதா எண்டு பார்க்கும் எட்டு அளவீடுகள் அதில் இருக்கின்றன. கணக்கு ‘சமைக்கப்பட்டிருக்கலாம்’ எண்டு மாதிரி சொன்னது. பங்கை விற்கச் சொல்லி மாணவர்கள் எழுதினார்கள்.

அந்த மாணவர்களைவிட ஆய்வாளர்களுக்கு மூளை குறைவு எண்டு யாரும் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் வேலை செய்த வங்கிகளுக்கு என்ரோனிடமிருந்து வேறு வியாபாரம் வந்துகொண்டிருந்தது. கணக்காய்வு செய்த ஆதர் அன்டர்சன், அதே கம்பனிக்கு ஆலோசனையும் விற்றுக்கொண்டிருந்தது. எட்டு அளவீடுகளுக்கு என்ரோனிடமிருந்து எந்தக் கட்டணமும் வரவில்லை. விதிப் பட்டியலின் பலம் இங்கேதான் இருக்கிறது. தலைவர் எவ்வளவு இனிமையாகக் கதைத்தாலும் அது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும்.

சத்யம்: பொய்க் கணக்குக்கு முன்னால்

எல்லை இருப்பதையும் சொல்ல வேணும். 2009 ஜனவரி 7ஆம் திகதி இந்தியாவின் சத்யம் கம்பனியின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய 5,361 கோடி இந்திய ரூபாய் காசு மற்றும் வங்கி மீதியில் 5,040 கோடி இல்லவே இல்லை எண்டு அதில் ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் நல்ல கம்பனி ஆளுகைக்காக அந்தக் கம்பனி விருது வாங்கியிருந்தது.

இதை விதி பிடித்திருக்குமா? ‘வங்கியில் இவ்வளவு காசு இருந்தால் அதற்கேற்ற வட்டி வருமானம் வர வேண்டும்’ எண்டு ஒரு விதி எழுதலாம். நல்ல விதிதான். ஆனால் அந்தக் கடிதத்தின்படி 376 கோடி ரூபாய் வட்டி வருமதியும் பொய்யாகவே எழுதப்பட்டிருந்தது. எண்ணோடு எண்ணைப் பொருத்திப் பார்ப்பவனை ஏமாற்ற, பொருந்துகிற மாதிரியே பொய்யை எழுதினால் போதும்.

ஆகவே கணக்குப் புத்தகத்துக்கு வெளியே போகச் சொல்லும் விதிகளும் அறிவுத்தளத்தில் இருக்க வேணும். ‘சொத்தின் பெரும்பகுதி வங்கி மீதி என்றால், கம்பனி காட்டும் கடிதத்தை ஏற்காமல் வங்கியிடமே நேரடியாக உறுதிப்படுத்து’ என்பது அப்படியொரு விதி. 2020 ஜூனில் ஜேர்மனியின் வயர்கார்ட் கம்பனியில் 1.9 பில்லியன் யூரோ காணாமல்போன கதை வெளிவந்தபோதும், அடிப்படைக் கேள்வி இதுவாகத்தான் இருந்தது. இயந்திரம் செய்யக்கூடியது, எந்த இடத்துக்கு மனிதன் போய்ப் பார்க்க வேணும் எண்டு விரல் நீட்டுவது. போவதும் பார்ப்பதும் எங்கட வேலை.

யாருடைய அளவுகோல்?

இன்னொரு பிரச்சினை எங்கட நாட்டுக்கு மிகவும் நெருக்கமானது. ஓல்ட்மன் தன் சூத்திரத்தை 66 அமெரிக்க உற்பத்திக் கம்பனிகளின் தரவிலிருந்துதான் எடுத்தார்; பாதி விழுந்தவை, பாதி விழாதவை. அந்த 1.81ஐ அப்படியே தூக்கி வந்து கொழும்புப் பங்குச்சந்தையில் இருக்கிற ஹோட்டலுக்கோ தேயிலைத் தோட்டக் கம்பனிக்கோ பொருத்தினால் வருகிற பதிலுக்கு என்ன அர்த்தம்? பினான்ஸ் கம்பனிக்குப் பொருத்துவது இன்னும் பிழை. அதன் சரக்கே காசுதான். அதற்குப் பார்க்க வேண்டியவை மூலதனப் போதுமை, செயற்படாக் கடன்களின் விகிதம், திரவச் சொத்துகளின் அளவு ஆகியவை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அதே மாதம் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. பழைய விலைக்கு வாங்கி வைத்த சரக்கைப் புதிய விலைக்கு விற்ற கம்பனியின் இலாபம் வானத்தில் ஏறும். அதே சரக்கைத் திரும்ப வாங்கக் காசு காணாது. சாதாரண காலத்துக்கு எழுதிய விதி, அந்தக் கம்பனியைப் பார்த்துக் கைதட்டியிருக்கும்.

அதனால் விதி எழுதும்போது யாருடைய அனுபவம் அதற்குள் போகிறது என்பது அரசியலும்கூட. கொழும்பில் பெரிய வங்கியில் கடன் கொடுப்பவரின் அறிவு ஒரு வகை. பருத்தித்துறையில் மீன் வாடி நடத்துபவரின் பருவக் கணக்கையும், கிளிநொச்சியில் நெல் விற்கும் வரைக்கும் கடையில் கொப்பிக் கடன் ஓடுவதையும் அறிந்தவரின் அறிவு இன்னொரு வகை. இரண்டாவது வகை இல்லாத அறிவுத்தளம், வாடிக்காரரின் மந்தக்கால வருமானத்தைப் பார்த்து ‘வியாபாரம் படுத்துவிட்டது’ எண்டு தீர்ப்பெழுதும். ஆனால் விதி எழுத்தில் இருந்தால் இந்தப் பிழையைக் காட்டித் திருத்தலாம். எழுத்தில் இல்லாத விதியை எப்படித் திருத்துவது?

இப்போதைய இயந்திரங்கள்

நிபுணத்துவ முறைமைகளின் காலம் ஏன் முடிந்தது எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டிஜிட்டல் எக்குயிப்மன்ட் கோப்பரேசன் என்ற கணினிக் கம்பனி பாவித்த எக்ஸ்கொன் முறைமை தொடக்கத்தில் பெரிய வெற்றி. பிறகு அதன் விதிகள் 10,000ஐத் தாண்டின. ஒன்றை மாற்றினால் இன்னொன்று எங்கே முரண்படும் எண்டு பார்ப்பதே பெரிய வேலையாகிப் போனது. நிபுணரின் தலைக்குள் இருப்பதை வெளியே எடுப்பதும் லேசான காரியமல்ல. கனபேருக்குத் தங்களுக்கு எப்படித் தெரிகிறது எண்டு சொல்லத் தெரியாது. தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் முறைகள் வந்ததும் உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது.

புதிய முறைகள் பல இடங்களில் கூடத் துல்லியமாக இருக்கின்றன. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான கம்பனிகளின் தரவுக்குள் மனிதக் கண்ணுக்குப் படாத தொடர்புகளை அவை கண்டுபிடிக்கின்றன. ஆனால் ஏன் எண்டு கேட்டால், பல இலட்சம் எண்களின் பெருக்கல்தான் பதில். மொழி பேசும் இயந்திரங்களின் விஷயம் இன்னும் சிக்கலானது. அவை காரணம் சொல்லும், அழகாகச் சொல்லும். ஆனால் அந்தக் காரணமும் பதிலைப் போலவே சொற்களாக உருவாக்கப்பட்டது. பதில் உண்மையில் அந்த வழியாகத்தான் வந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேற்றுக் கேட்ட அதே கேள்விக்கு இன்றைக்கு வேறு பதில் வரவும் கூடும். மைசின் காட்டிய விதி, அது உண்மையாகவே பாவித்த விதி.

சட்டங்களும் இந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் கடன் மறுத்தால் குறிப்பான காரணம் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 1970களிலிருந்தே இருக்கிறது. சிக்கலான அல்கோரிதம் பாவித்தோம் என்பது அதற்குச் சாட்டாகாது எண்டு அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2022இல் தெளிவாக்கியது. எங்கட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், முற்றிலும் தானியங்கி முறையில் எடுத்த, ஒருவருடைய உரிமைகளில் மீளமுடியாத தாக்கம் செலுத்தக்கூடிய தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. தனியாள் வியாபாரமாகக் கடை நடத்தும் எங்கட ஆக்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. நாளைக்கு அவர்களின் கடன் விண்ணப்பத்தை இயந்திரம்தான் முதலில் வாசிக்கும்.

நாங்கள் கேட்பது

பழைய முறைமைக்கே திரும்பிப் போவம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. தரவிலிருந்து கற்கும் இயந்திரம் சந்தேகத்துக்குரிய கம்பனிகளைத் தேடிப் பிடிக்கட்டும். ஆனால் ‘இது ஆபத்து’ அல்லது ‘இது பாதுகாப்பு’ எண்டு மக்களுக்கோ கடன் கேட்டு வந்தவருக்கோ சொல்லும் இடத்தில், வாசிக்கக்கூடிய விதி நிற்க வேணும். விதி பகிரங்கமானால் கம்பனிகள் அதற்கேற்ற மாதிரி எண்ணை வளைக்கும் எண்டு ஒரு மறுப்பு வரும். வளைக்கத்தான் செய்யும். ஆனால் இலாபம், காசு, வருமதி, கடன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பல வருடங்களுக்கு வளைத்துக்கொண்டிருப்பது லேசில்லை. தவிர, விதி இரகசியமாக இருந்த காலத்தில் மட்டும் அவை வளைக்காமலா இருந்தன?

தி பினான்ஸ் கம்பனியை மூடியபோது, 2008இல் சிலிங்கோ குழுமத்தின் நிதி நிறுவனங்கள் விழுந்ததிலிருந்தே அதன் நிலை மோசமாகிக்கொண்டு வந்ததாக மத்திய வங்கியே சொன்னது. 2008க்கும் 2020க்கும் இடையில் பன்னிரண்டு வருடங்கள். அது பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பனி. கணக்குகள் பகிரங்கமாகத்தான் இருந்தன. இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. தெரிந்ததைச் சாதாரண சனத்துக்கு விளங்கும் மொழியில், காரணத்தோடு சொல்ல ஓர் ஏற்பாடு இருக்கவில்லை.

ஆகவே கேட்கிறோம். வைப்புகளை ஏற்கும் ஒவ்வொரு பினான்ஸ் கம்பனிக்கும், பத்துப் பதினைந்து விதிகளில் எதில் தேறியது, எதில் தவறியது எண்டு ஒரே பக்கத்தில், மூன்று மொழியிலும் போட வேணும். அந்த விதிகளும் கூடவே இருக்க வேணும். கம்பனிகள் செய்தித்தாள்களில் பிரசுரிக்கும் நிதிக் கூற்றுகளில் மூலதனப் போதுமையும் செயற்படாக் கடன் விகிதமும் ஏற்கெனவே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் வருகிற அந்த எண்களுக்குப் பக்கத்தில், ‘ஆகக் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும், இவர்களிடம் இருப்பது இவ்வளவு’ எண்டு பெரிய எழுத்தில் ஒரு வரி போட என்ன செலவாகப் போகிறது?

அதுவரைக்கும் சும்மா இருக்கவும் தேவையில்லை. கொழும்புப் பங்குச்சந்தையின் இணையத்தளத்தில் பட்டியலிட்ட கம்பனிகளின் காலாண்டு அறிக்கைகள் இலவசமாக இருக்கின்றன. கணக்கீடு படித்தவரும் கணினி படித்தவரும் எங்கட ஊர்களில் தாராளமாக இருக்கிறார்கள். ஒரே மேசையில் இருப்பதுதான் குறைவு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு விரிதாளிலேயே இருபது விதிகளைத் தமிழில் எழுதலாம். வங்கியில் முப்பது வருடம் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற மாமாவிடமும் ரீச்சரிடமும் போய், "நீங்கள் எதைப் பார்த்து மாட்டன் எண்டு சொன்னீங்கள்?" எண்டு கேட்டு எழுதலாம். அந்த அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது.

தொடங்குவதற்கு மேலே எழுதிய மூன்று விதிகள் போதும். அடுத்த முறை வீட்டில் யாராவது ஒரு கம்பனியில் காசு போடப் போகும்போதோ, போனுக்குள் இருக்கிற இயந்திரம் ‘நல்ல கம்பனி’ எண்டு சொல்லும்போதோ, முதலில் ஏன் எண்டு கேளுங்கள். காட்டுகிற காரணத்தைக் கையிலிருக்கிற கணக்கோடு ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் வரவில்லை என்றால் காசு வீட்டிலேயே இருக்கட்டும்.